ராயபுரம் ரயிலடி: ஒரு கட்டடத்தைப் படிப்பது எப்படி?



சரித்திரச் சின்னம் என்றதும் நமக்கு மாமல்லபுரமும் தஞ்சைப் பெரிய கோயிலும்தான் ஞாபகத்துக்கு வரும். தினமும் நாம் தாண்டிப் போகிற ராயபுரம் ரயில் நிலையம் வராது. எனக்கும் வந்ததில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே "கூட்ஸ் ஷெட் பக்கத்துல இருக்கற பங்களா". சிவில் பிரிவில் சேர்ந்த பிறகுதான் ஒருநாள் நின்று நிதானமாகப் பார்த்தேன். அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதை நாலு பாடமாகச் சொல்கிறேன்.

முதல் பாடம்: "முதல்" என்ற சொல்லை நிறுத்திக் கேள். "இந்தியாவின் முதல் ரயில் நிலையம் ராயபுரம்" என்று நம்ம ஏரியாவில் பலர் பெருமையாகச் சொல்வார்கள். அது சரியில்லை. பம்பாயிலிருந்து தாணாவுக்கு 1853 ஏப்ரல் 16 அன்றே பயணிகள் ரயில் ஓடிவிட்டது. 1854ல் ஹௌராவில் ஓடியது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு, சுமார் 100 கிலோமீட்டர், வண்டி ஓடியது 1856 ஜூலை 1 அன்று. ஆகவே இது தென்னிந்தியாவின் முதல் நிலையம். ஆனால் பம்பாயிலும் ஹௌராவிலும் அந்தப் பழைய கட்டடங்கள் இன்று இல்லை, நம்முடையது நிற்கிறது. அதனால் இந்தியாவில் மிஞ்சியிருக்கிற மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் என்பதுதான் சரியான பெருமை. பொய்ப் பெருமை எதற்கு? உண்மையே போதுமான அளவு பெரிசாக இருக்கிறதே!

இரண்டாம் பாடம்: தேதியை ஒப்பிடு. சில புத்தகத்தில் ஜூன் 28 என்றும் சிலவற்றில் ஜூலை 1 என்றும் இருக்கும். முதலில் நான் குழம்பிப் போனேன். முன்னது கவர்னர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்து வைத்த நாள், பின்னது வண்டி ஓடத் தொடங்கிய நாள் என்று பிறகு விளங்கியது. இரண்டு தகவல் முட்டிக்கொண்டால் உடனே ஒன்றைத் தூக்கி எறியக் கூடாது. இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாம் பாடம்: படத்தை வரைந்தது யாருக்காக? இந்த நிலையத்தின் படம் 1856லேயே "இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்" பத்திரிகையில் வந்தது. அன்று பத்திரிகையில் போட்டோ அச்சிடும் முறை வரவில்லை. ஒருவர் வரைந்து அனுப்புவார், லண்டனில் இன்னொருவர் மரக்கட்டையில் செதுக்குவார். செதுக்குகிறவர் ராயபுரத்தைக் கண்ணால் கண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. வாங்கிப் படிக்கிறவர் இங்கிலாந்துக்காரர். "நம் ஆட்சியில் இந்தியா எப்படி முன்னேறுகிறது பார்" என்று அவருக்குக் காட்டுவதற்கு உயரமான தூண்கள் வரிசையாக நிற்கிற முகப்பு போதும். இன்றைய போட்டோக்களும் பெரும்பாலும் அதே முகப்பைத்தான் காட்டுகின்றன. பின்னால் இருக்கிற சரக்கு லைன், சுவரை ஒட்டித் தூங்குகிற லோடுமேன், இவர்களெல்லாம் படத்துக்குள் வருவதே இல்லை.

நான்காம் பாடம்: சுவரையே படி. இது நம் துறைப் பாடம். அந்தக் காலக் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். நம் எண்ணூர், பழவேற்காடு பக்கம் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். கடற்காற்று வீசுகிற நம் ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பழைய கட்டடத்தைப் பழுது பார்க்கப் போகிறவன் முதலில் அது எதனால் கட்டியது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நன்றாக வைக்கிறேன் என்று நினைத்தே கெடுத்துவிடலாம். ராயபுரம் நிலையம் பல வருஷம் கேட்பாரற்றுக் கிடந்து, 2005ல்தான் புதுப்பித்துத் திறக்கப்பட்டது.

இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டில் ஆயாவிடம் படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வரை வந்தவன் நான்தான். ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தாத்தா அந்த ஷெட்டில் மூட்டை தூக்கியவர்.

"கட்னது யாருன்னு எழுதிகிறே?" என்று கேட்டது.

"வில்லியம் டிரேசின்னு ஒரு வெள்ளைக்காரரு, ஆயா. திறந்தது ஹாரிஸ் பிரபு."

"ஏன்டா, அவரா செங்கல்லு தூக்கினாரு? சுண்ணாம்பு அரைச்சவ பேரு எங்கடா?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் அந்தப் பெயர்கள் இல்லை. பிளான் போட்டவர் பெயரும் ரிப்பன் வெட்டியவர் பெயரும் நூற்றைம்பது வருஷம் தாண்டி நிற்கிறது. சித்தாள், கொத்தனார் பெயர் கூலி வாங்கிய அன்றோடு போய்விட்டது.

தோழர்களே, போன பெயர்களை இனி மீட்க முடியாது. ஆனால் தாத்தா மாதிரி அந்த ஷெட்டிலும் ஹார்பரிலும் உழைத்தவர்கள் இன்னும் நம் தெருக்களில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். லீவு நாளில் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் அவர்களைக் கேளுங்கள். எந்த வருஷம், என்ன வேலை, எவ்வளவு கூலி, எந்தக் கட்டடம் இடிந்தது, எது எழுந்தது என்று கேட்டு, பெயரோடு எழுதி வையுங்கள். நாளைக்கு நாமும் பிளான் போடுவோம், கட்டடம் எழுப்புவோம். அன்றைக்குக் கல்வெட்டு வைக்கும்போது, கட்டிய கைகளின் பெயருக்கும் அதில் ஒரு வரி விடுவோமா?