கடையில் கொள்ளை நேர்ந்தால்: காவலர் வரும் வரையில் ஊரார் கடமை

சிற்றூர்களின் வாணிபம் இன்று வளர்ந்திருக்கிறது. சந்தை கூடும் நாளில் மட்டும் பணம் கைமாறிய ஊர்களிற்கூட உரக்கடையும் மளிகைக் கடையும் கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையமும் நாள்தோறும் நடைபெறுகின்றன. விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் இக்கடைகளின் கல்லாவில் கணிசமான தொகை சேர்கிறது. பணம் சேருமிடத்தைக் கள்வரும் அறிவர். காவல் நிலையமோ பல ஊர்களுக்குச் சில கல் தொலைவில் உள்ளது. குற்றம் நிகழ்ந்த பின் காவலர் வந்து சேர அரை மணியோ ஒரு மணியோ ஆகக்கூடும். அந்த இடைநேரத்தில் அவ்விடத்திற்குப் பொறுப்பாளர் ஊர் மக்களே. அவர்கள் செய்வதும் செய்யாமல் விடுவதும் வழக்கின் போக்கையே மாற்றிவிடும். ஆதலின் ஊராட்சி உறுப்பினரும் உழவரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

முதற் கடமை உயிர்க் காப்பு

பிறர் பொருளை அறியாமல் எடுப்பது திருட்டு. அடித்தோ அச்சுறுத்தியோ பறிப்பது கொள்ளை. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடிச் செய்தால் அது கூட்டுக் கொள்ளையாகும். கொள்ளையர் கையில் அரிவாளோ கத்தியோ இருக்கும். மனத்தில் அச்சமும் இருக்கும். அந்நிலையில் அவர்களை வழிமறித்தல் கூடாது. போன பணத்தை மீண்டும் ஈட்டலாம். போன உயிரை மீட்க இயலாது.

அவர்கள் அகன்றதும், காயமுற்றோர் உளரா எனப் பார்த்து 108 என்னும் எண்ணுக்கு அறிவிக்க வேண்டும். காயத்திற்குக் கட்டுப்போடும்போது தடயம் சிறிது கலைந்தாலும் அதுபற்றித் தயங்க வேண்டுவதில்லை. அடுத்து 112 அல்லது 100 என்னும் எண்ணில் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஊர்ப் பெயர், கடைக்கு வரும் வழி, வந்தவர் எத்தனை பேர், ஆயுதம் யாது, எந்த வண்டியில் எத்திசை நோக்கிச் சென்றனர் என்பவற்றைப் பதற்றமின்றிக் கூறுதல் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் நிகழ்ந்த எல்லை எதுவாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். முதல் தகவல் அறிக்கையின் படி ஒன்றை, தகவல் தந்தவர் கட்டணமின்றிப் பெறும் உரிமையும் உண்டு.

இடம் பேசும் சாட்சி

குற்றம் செய்தவன் அவ்விடத்தில் தன் சுவடு எதையேனும் விட்டுச் செல்கிறான். அவ்விடத்திலிருந்து எதையேனும் தன்னோடு கொண்டும் செல்கிறான். தடய அறிவியலின் அடிப்படை இதுவே. கண்ணாடிப் பெட்டியிலும் கல்லாவிலும் பூட்டிலும் விரல் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் படிந்து ரேகை பதிகிறது. புழுதியிலும் ஈர மண்ணிலும் காலடியும் வண்டிச் சக்கரமும் பதிகின்றன. இவை யாவும் ஒரு துணி பட்டால், ஒரு கால் மிதித்தால் அழிந்துபோகும் தன்மையன.

கைரேகைப் பணியகம் உலகில் முதன்முதலாக 1897ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நிறுவப்பெற்றது நம் நாட்டிற்குப் பெருமை. அதற்கு அடுத்த ஆண்டே அதன் பயன் விளங்கிற்று. வங்காளத்து ஜல்பாய்குரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொல்லப்பட்டுக் கிடந்தார். அவருடைய பெட்டியிலிருந்த பணம் களவு போயிருந்தது. தோட்டக் கூலிகள், சமையற்காரர், அருகில் தங்கியிருந்த நாடோடிக் கூட்டத்தார் ஆகிய பலர்மீதும் ஐயம் எழுந்தது. ஆனால் பெட்டியில் இருந்த பஞ்சாங்கம் ஒன்றின்மேல் மங்கலான கறை காணப்பட்டது. ஆராய்ந்தபோது, முன்னரே திருட்டுக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றிருந்த பழைய பணியாள் ஒருவனின் பெருவிரல் ரேகை அஃது எனத் தெரிந்தது. கொலைக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. திருட்டுக் குற்றத்திற்கு அவன் தண்டனை பெற்றான். அந்தப் பஞ்சாங்கத்தை எவரேனும் துடைத்து எடுத்து வைத்திருந்தால், குற்றமற்ற பலர்மேல் ஐயம் நீங்காமலே இருந்திருக்கும்.

அன்பினால் விளையும் கேடு

கொள்ளை நிகழ்ந்த செய்தி கேட்டதும் ஊரே கடைக்குள் திரள்கிறது. ஒருவர் சிதறிய நாணயங்களைப் பொறுக்குகிறார். ஒருவர் கவிழ்ந்த பெட்டியை நிமிர்த்துகிறார். மற்றொருவர் உடைந்த பூட்டைக் கையிலெடுத்துப் பார்க்கிறார். இரவில் நிகழ்ந்ததாயின், விடியற்காலையில் வழக்கம்போல் வாசலைப் பெருக்கிச் சாணம் தெளித்துவிடுகின்றனர். காலடித் தடம் அதோடு மறைகிறது. இவர்கள் யாவரும் நல்லெண்ணம் உடையவரே. எனினும் இச்செயல்களால் நன்மை அடைபவன் கள்வன் ஒருவனே.

செய்யத் தக்கவை

1. அனைவரையும் கடையைவிட்டு வெளியேற்றி, முன்வாசலுக்கு ஒருவரும் பின்வாசலுக்கு ஒருவரும் காவல் நிற்க வேண்டும். சற்றுத் தள்ளிக் கயிறு கட்டுக. கள்வர் வந்து போன வழியையும் கயிற்றுக்குள் அடக்குக.

2. கதவு, கல்லா, மின்விளக்குப் பொத்தான் எதையும் தொடற்க. கிடக்கும் ஆயுதத்தைக் கைக்குட்டையால் பிடித்து எடுப்பதும் தவறு. அத்துணியே ரேகையை அழித்துவிடும்.

3. மண்ணில் தெளிவான காலடி இருந்து மழை வருமாயின், விளிம்பு தடத்தின்மேல் படாதவாறு அகன்ற பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து மூடுக.

4. கடையில் கண்காணிப்புக் கேமரா இருந்தால் அதன் பதிவுக் கருவியை நிறுத்தவோ பிரிக்கவோ வேண்டா. கருவி காட்டும் மணிக்கும் சரியான மணிக்கும் வேறுபாடு உண்டாயின் குறித்து வைக்க. பழைய பதிவின்மேல் புதியது பதிந்து அழிந்துபோகும் ஆதலால், காவலரிடம் அதனை முதலிலேயே தெரிவிக்க.

5. முன்னரே உள்ளே சென்றவர் யார், எதைத் தொட்டனர் என்பதை மறைக்காமல் எழுதி வைக்க. இதனால் அவர்களுடைய ரேகையை வேறு பிரித்து அறியலாம்.

கண்டவர் சொல்

நேரிற் கண்டவர்கள் கூடிப் பேசினால் ஒருவர் கூற்று மற்றவர் நினைவில் கலந்துவிடும். பத்துப் பேர் ஒரே கதையைச் சொல்வர்; அக்கதை மெய்யாக இராது. ஆகவே அவர்களைத் தனித்தனியே அமர்த்தி, கண்டதை உடனே தாமே எழுதச் செய்தல் வேண்டும். உயரம், உடை, பேச்சு, நடை, உடற்குறி, வண்டி எண் ஆகியவற்றுள் நினைவில் உள்ளவற்றை மட்டும் எழுதுக. எழுதத் தெரியாதவர் கூற்றை மற்றொருவர் எழுதும்போது ஒரு சொல்லையும் தாமாகச் சேர்த்தல் ஆகாது. பறிபோன தொகையைக் கடைக்காரர் மிகைப்படுத்திக் கூறுவதும் கூடாது. கணக்குப் புத்தகத்தோடு ஒவ்வாத தொகை, மெய்யான வழக்கையும் நீதிமன்றத்தில் தளரச் செய்யும்.

காவலர் வந்தபின்

காவல் அதிகாரி வந்ததும் நிகழ்ந்தவற்றைக் கூறி இடத்தை ஒப்படைக்க வேண்டும். அவர் இடத்தைப் பார்வையிட்டு மகஜர் தயாரிப்பார், வரைபடமும் வரைவார். கிராம நிர்வாக அலுவலரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திடுமுன் அதனை முழுவதும் படித்தறிதல் கடமை. ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நேரில் வந்து தடயம் திரட்ட வேண்டும் எனப் புதிய சட்டத்தின் 176ஆம் பிரிவு கூறுகிறது. மாநிலங்கள் இதனை நடைமுறைப்படுத்த ஐந்தாண்டு அவகாசமும் அளித்துள்ளது. கொள்ளைக்குப் பத்தாண்டு வரை தண்டனை உண்டாகையால் இவ்விதி அதற்கும் பொருந்தும். வல்லுநர் வந்து பயனென்ன, ஊரார் முன்பே தடத்தை மிதித்து அழித்துவிட்டால்?

குற்றமற்றவருக்கும் அரண்

தடயம் அழிந்த இடத்தில் ஊகம் தலைதூக்குகிறது. கடையில் எடுபிடி வேலை செய்யும் சிறுவன், வெளியூரிலிருந்து வந்த கூலியாள், ஊர்ப்புறத்தில் தங்கிய ஏழைக் குடும்பம் என எளியவர்மேலேயே அந்த ஊகம் பாய்கிறது. ஊர்ப்பகையும் சாதிப்பகையும் அதில் கலக்குமாயின் தீமை பன்மடங்காகும். காலடித் தடம் ஆள் பார்த்துப் பேசுவதில்லை. கைரேகைக்குச் சாதி இல்லை. ஆகவே இடத்தைக் காப்பது குற்றவாளியைப் பிடிப்பதற்குப் பயன்படும் அளவிற்கு அப்பாவியைக் காப்பதற்கும் பயன்படும்.

கண்முன் கொள்ளையிட்டவன் பிடிபட்டால் அவனை அடித்தல் குற்றம். 40ஆம் பிரிவின்படி அவனைத் தடுத்து வைக்கலாம். ஆயினும் காலந்தாழ்த்தாமல், ஆறு மணி நேரத்திற்குள், காவலரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

ஊராட்சி செய்யத் தக்கது

இவற்றைக் கொள்ளை நிகழ்ந்த பின் கற்க இயலாது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இப்பொருளை எடுத்துப் பேசலாம். ஒவ்வொரு கடையிலும் அவசர எண்களும் அருகிலுள்ள காவல் நிலையத்தின் எண்ணும் பெரிய எழுத்தில் எழுதப்பெறுதல் வேண்டும். கயிறு ஒரு சுருள், நோட்டுப் புத்தகம் ஒன்று, எழுதுகோல் ஒன்று கடையில் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் முன்வந்து வாசலைக் காக்க இருவரைத் தேர்ந்து வைத்தல் நன்று. இதற்கு ஊராட்சிக்குப் பெருஞ்செலவு இல்லை. கூட்டத்தை வாசலிலேயே நிறுத்தும் உறுதி படைத்த ஒருவர் இருந்தால், அந்த ஊர் தன் பொருளையும் தன் எளிய மக்களின் நற்பெயரையும் ஒருங்கே காத்துக்கொள்ளும்.