ஏஜென்சி வேலையா, நம்ம கம்பெனியா?



மீஞ்சூர் பக்கத்து ஊர்களிலிருந்து எண்ணூர், திருவொற்றியூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் நம்மில் பலருக்குச் சம்பளம் தருவது ஏஜென்சிதான். "கமிஷனை அவங்க ஏன் எடுக்கணும்? நாமே ஒரு கம்பெனி ஆரம்பிச்சா என்ன?" என்று கூட்டத்தில் கேட்கிறோம். நல்ல கேள்வி. இரண்டு பக்கமும் பார்ப்போம்.

ஏஜென்சி வேலை

சம்பளம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் பி.எப்.க்கு 1,200, இ.எஸ்.ஐ.க்கு 75 ரூபாய் பிடிப்பார்கள். ஏஜென்சியும் தன் பங்காக 1,200, 325 ரூபாய் சேர்த்துக் கட்ட வேண்டும். பிடித்த பணத்தைக் கட்டினார்களா என்று நாம்தான் பார்க்கணும். சம்பளச் சீட்டு, யு.ஏ.என். நம்பர் இரண்டையும் கேட்டு வாங்குவோம். ஏஜென்சி சம்பளம் தராவிட்டால், வேலை வாங்கிய கம்பெனி தர வேண்டும். 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது.

சொந்தக் கம்பெனி

இரண்டு பேர் சேர்ந்தாலே பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்யலாம். லாபம் நமக்கே. ஆனால் 20 பேர் வேலை செய்தால் பி.எப்., 10 பேர் என்றால் இ.எஸ்.ஐ. கட்டாயம். முதலாளி பங்கான அந்த 1,525 ரூபாயும் நம் தலையில்தான். பில் பணம் இரண்டு மாதம் தள்ளிப்போனாலும் சம்பளம் தேதிக்குப் போகணும். ஆடிட்டர் செலவு தனி. நஷ்டம் வந்தால் போட்ட பங்கோடு போகும், வீட்டைத் தொட முடியாது. ஆனால் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

பெயர் மட்டும் போதுமா?

ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் தூய்மைப் பணியாளர்கள் பலர் சுயஉதவிக் குழு பெயரில் மாநகராட்சிக்கு வேலை செய்தார்கள். 2025ல் அந்த வேலை தனியாருக்குப் போனது. ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் போராடினார்கள். பெயர் குழுவுடையது, முடிவு அவர்கள் கையில் இல்லை. புனேயில் குப்பை சேகரிப்பவர்கள் 2007ல் 'ஸ்வச்' என்ற கூட்டுறவுச் சங்கம் அமைத்து, 2008ல் மாநகராட்சியோடு தாங்களே ஒப்பந்தம் போட்டார்கள்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்து யாருடையது, வங்கிக் கணக்கு யார் கையில் என்று முதலில் பார்ப்போம். மூன்று மாதச் சம்பளத்துக்குக் கையிருப்பு சேர்த்த பிறகு கம்பெனி பற்றி யோசிப்போம்.

கூட்டத்தில் பேச:
1. நம் குழுவில் எத்தனை பேரிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது?
2. பில் பணம் இரண்டு மாதம் வராவிட்டால் எப்படிச் சமாளிப்போம்?
3. கணக்கு எழுத நம்மில் யார் கற்றுக்கொள்வது?