நெல்மணியும் வைக்கோலும்: ஒரே வெல்லத்தின் இரு உருவங்கள்

அறுவடை முடிந்ததும் நெல்மணி வீடு செல்கின்றது; வைக்கோலோ பல வயல்களில் தீக்கிரையாகின்றது. மணியிலுள்ள மாப்பொருளும், வைக்கோலுக்கு உறுதியளிக்கும் செலுலோசும் குளுக்கோசு எனும் ஒரே வெல்லத்தினாற் கட்டப்பட்டவை என்பதைக் கமக்காரர் பலர் அறியார். ஒன்றை மனிதன் உண்ணலாம். மற்றையதை உண்ண இயலாது. இதற்குக் காரணம் அணுக்களின் அடுக்கேயாகும்.

ஒரே அணுக்களை ஒரே எண்ணிக்கையிற் கொண்டு, அமைப்பில் மாத்திரம் வேறுபடும் பொருள்கள் சமபகுதியங்கள் எனப்படும். குளுக்கோசு 6 காபன், 12 ஐதரசன், 6 ஒட்சிசன் அணுக்களை உடையது. பிரற்றோசு எனும் பழவெல்லமும் அவ்வாறே. எனினும் சங்கிலி வடிவில், ஒட்சிசனோடு இரட்டைப் பிணைப்புடைய காபன் குளுக்கோசில் முதலாவது, பிரற்றோசில் இரண்டாவது. பிரற்றோசே அதிகம் இனிக்கும். தக்காளிப் பழத்தின் இனிப்பு பெரும்பாலும் இவ்விரண்டினாலும் உண்டாவதாகும்.

நெற்செய்கையாளருக்கு வேண்டுவது இதனினும் நுண்ணிய வேறுபாடு. குளுக்கோசு பெரும்பாலும் வளைய வடிவிலேயே இருக்கும். வழக்கமாக வரையும் முறையில், முதலாங் காபனிலுள்ள ஐதரொட்சிற் கூட்டம் வளையத்தின் கீழே நின்றால் அது அல்பா குளுக்கோசு. மேலே நின்றால் பீற்றா குளுக்கோசு. வேறு வித்தியாசம் யாதுமில்லை.

அல்பா குளுக்கோசுகள் தொடுக்கப்பட்டால் சங்கிலி சுருளும். அதுவே மாப்பொருள். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கும். உமிழ்நீரிலுள்ள அமைலேசு எனும் நொதியம் அச்சங்கிலியை வெட்டி வெல்லமாக்குவதே காரணம். பீற்றா குளுக்கோசுகளோ ஒன்றுவிட்டொன்று தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சங்கிலி நேராக நீளும். அத்தகைய பல சங்கிலிகள் கயிற்றுப் புரிகள்போல் அருகருகே இறுகிச் செலுலோசு நாராகின்றன. அதனை வெட்டும் நொதியம் மனிதனுக்கு இல்லை. உண்மையில் மாட்டுக்கும் இல்லை. அதன் முதலிரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே அவ்வேலையைச் செய்கின்றன.

வயல் மண்ணிலும் இத்தகைய நுண்ணுயிர்கள் உண்டு. நெற்பயிர் எடுத்த பொற்றாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்குவதால், அதனை மண்ணிற்கு மீட்பது இலாபமே. வைக்கோலை எரித்தாலோ அதிலுள்ள நைதரசன் பெரும்பாலும் புகையோடு போய்விடும். ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். செலுலோசை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுக்கும். வைக்கோலை உழுதவுடன் விதைத்தால் நாற்று மஞ்சளிப்பது இதனாலேயாம். ஆகவே விதைப்பதற்கு இரண்டு வாரங்களுக்கேனும் முன்னர் வைக்கோலைப் பரப்பி, ஈரமண்ணில் உழுதுவிடுதல் வேண்டும். அதற்குக் காலம் போதாதவிடத்து, வரம்போரத்திற் சாணத்துடன் குவித்துக் கூட்டெருவாக்கி, அடுத்த போகத்திற்கு இடலாம்.