உலகப் பண்டிகைகள்: மாட்டுத்தாவணியிலிருந்து தொடங்கலாம்

உலகப் பண்டிகைகளுக்கென்று பள்ளியில் ஒரு நாள் ஒதுக்கினால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒரு பிள்ளைக்கு அட்டைத் தொப்பி, இன்னொன்றுக்குக் காகித டிராகன், மேடையில் மனப்பாடமாக நான்கு வரி, கடைசியில் ஒரு போட்டோ. மறுவாரம் கேட்டால் தொப்பி நினைவிருக்கும், பண்டிகை மறந்திருக்கும். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த எதோடும் அது ஒட்டாததுதான் காரணம். ஆண்டு முழுக்கத் திருவிழா நடக்கிற மதுரையில் ஒட்டவைக்கப் பொருளுக்கா பஞ்சம்?

முதலில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். முகூர்த்த நாளிலும் பண்டிகைக்கு முந்தின நாளிலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. மல்லிகை விலை ஏறிக்கிடக்கும், வியாபாரிகளுக்கு நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. சாதாரண நாளில், காலை நெரிசல் அடங்கியபின் போனால் பூவைக் கையில் கொடுத்துப் பேசுவார்கள். வாங்க வேண்டியது மல்லிகை அல்ல, செண்டுமல்லி. கால் கிலோ போதும்.

நம் ஊர் மாலைகளில் நிறைந்திருக்கும் செண்டுமல்லியின் தாயகம் மெக்சிகோ. அங்கே நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்கள் வீடு திரும்புவதாக நம்பி, இந்தப் பூவிதழ்களைத் தூவி அவர்களுக்கு வழி காட்டுகிறார்கள். படத்தை வைத்து, அவர்களுக்குப் பிடித்த பண்டங்களைப் படைக்கிறார்கள். யுனெஸ்கோ 2008-இல் இந்தக் கொண்டாட்டத்தைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே நவம்பர் 2 அன்று மதுரையின் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகின்றன. மகாளய அமாவாசைப் படையலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கும் இதில் பாதி ஏற்கெனவே தெரியும். ஒரு தடவைக்கு ஒரு நாடு போதும். ஒரே மூச்சில் ஐந்து நாட்டைச் சொன்னால் ஒன்றும் தங்காது.

அடுத்தது தேதி. பெற்றோரும் ஆசிரியர்களும் தடுமாறுவது இங்கேதான். "போன வருஷம் ரம்ஜான் ஏப்ரல்ல வந்துச்சு, இந்த வருஷம் ஏன் மார்ச்ல வருது?" என்று பிள்ளை கேட்டதும், "அது அப்படித்தான்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். பதிலோ சுவரில் தொங்குகிறது. தினசரி காலண்டர் தாளில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, முஸ்லிம் மாதத் தேதி மூன்றும் அச்சாகியிருக்கும். கிழிக்கும் தாளைக் குப்பையில் போடாமல், பண்டிகை நாள் தாள்களை மட்டும் எடுத்துவைத்தால் அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

மூன்று ஆண்டுத் தேதிகளைப் பிள்ளையே எழுதட்டும். பொங்கல்: 2023, 2024-இல் ஜனவரி 15, 2025-இல் ஜனவரி 14. கிட்டத்தட்ட அசையவே இல்லை. சூரியனை மட்டும் பார்த்துக் கணிப்பது அது. ரம்ஜான்: 2023-இல் ஏப்ரல் 22, 2024-இல் ஏப்ரல் 11, 2025-இல் மார்ச் 31. ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாள் முந்துகிறது. பிறையைக் கொண்டு எண்ணும் பன்னிரண்டு மாதத்துக்கு 354 நாள்தான். அதனால் ரம்ஜான் எல்லாப் பருவத்தையும் சுற்றிவிட்டு சுமார் 33 ஆண்டில் பழைய இடத்துக்கு வரும்.

தீபாவளிதான் சுவாரசியம். 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. இதுவும் ரம்ஜான் போல முந்திக்கொண்டே வருகிறதே என்று பிள்ளை சொல்லும். 2026-ஐக் காட்ட வேண்டும்: நவம்பர் 8. பின்னால் தாவிவிட்டது! நாளைத் தேய்பிறை தீர்மானித்தாலும் மாதம் ஐப்பசி. ஐப்பசியைத் தீர்மானிப்பது சூரியன். அந்தக் கயிற்றை விட்டுத் தீபாவளி ஓட முடியாது.

இந்த மூன்று வகை புரிந்தால் உலகின் பெரும்பாலான பண்டிகைகள் பிடிபட்டுவிடும். சீனப் புத்தாண்டு தீபாவளி வகை: 2023-இல் ஜனவரி 22, 2024-இல் பிப்ரவரி 10, 2025-இல் ஜனவரி 29. ஈஸ்டரும் அந்த வகைதான். மார்ச் 21-இலோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. ஈரானின் நவ்ரூஸ் பொங்கல் வகை. எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். நோன்பு முடியும் மாலையில் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், சூரியன் விழுந்ததும் மேற்கே கொஞ்ச நேரமே தெரியும் பிறையைக் காட்டினால் போதும்.

இனி கைவேலை. வண்ணம் தீட்டும் தாள் கூடவே கூடாது. முளைப்பாரி இருக்கும்போது அது எதற்கு? மதுரையைச் சுற்றிய ஊர்களில் அம்மன் திருவிழாவுக்கு நவதானியத்தை வெளிச்சம் படாமல் முளைக்கவைத்து, கும்மி கொட்டித் தலையில் சுமந்துபோய் நீர்நிலையில் கரைக்கிறார்கள். மார்ச் 20 அல்லது 21-இல் வரும் நவ்ரூஸுக்கு ஈரானியர்களும் கோதுமையையோ பயறையோ தட்டில் முளைக்கவைத்து, ஏழு பொருள் அடுக்கும் மேசையில் வைக்கிறார்கள். பதின்மூன்றாம் நாள் ஓடும் தண்ணீரில் விடுகிறார்கள்.

இரண்டு கொட்டாங்குச்சி, ஒரு கைப்பிடி முழுக் கோதுமை. இரவு ஊறவைத்து, மறுநாள் ஈரத்துணியில் கட்டி, முளை எட்டிப் பார்த்ததும் மண்ணில் பரப்ப வேண்டும். ஒன்றை இருட்டிலும் மற்றதை ஜன்னலோரத்திலும் வைக்க வேண்டும். மார்ச் வெயிலுக்குக் காலை, மாலை இருவேளையும் தண்ணீர் தெளித்தே ஆக வேண்டும். ஊற்றினால் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒரு வாரத்தில் இருட்டில் வளர்ந்தது வெளிர் மஞ்சளாகவும் வெளிச்சத்தில் வளர்ந்தது பச்சையாகவும் நிற்கும். முளைப்பாரிக்கும் நவ்ரூஸ் தட்டுக்கும் உள்ள நிற வேறுபாடே பச்சையம் பற்றிய பாடம்.

ஒற்றுமையைக் கண்டுபிடித்ததோடு நிறுத்திவிடுவது அடுத்த தடுமாற்றம். தாய்லாந்தின் சொங்க்ரான் ஏப்ரல் 13 முதல் 15 வரை, நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும். தெருவெங்கும் தண்ணீர் விளையாட்டு. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மீது தோப்பறை என்னும் தோல்பையால் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்த பிள்ளை, "இதுவும் அதுதான்" என்று முடித்துவிடும். அங்கேயே விடக் கூடாது. யார் மேல் தண்ணீர், எதற்காக என்று கேட்க வேண்டும். இங்கே வெயிலில் வரும் அழகரைக் குளிர்விக்கிறார்கள். அங்கே புத்தர் சிலைக்கும் பெரியவர்களின் கைகளிலும் நறுமண நீர் வார்த்து ஆசி வாங்குகிறார்கள். பிள்ளையிடம் மரியாதை பிறப்பது இந்த வேறுபாட்டைக் கவனிக்கும்போதுதான். பிறருடைய வழிபாட்டை மட்டும் நடித்துக் காட்டச் சொல்லவே கூடாது. சமைக்கலாம், முளைக்கவைக்கலாம், வணங்குவதை வேடமாக்கக் கூடாது.

கடைசியாக, அந்தப் பண்டிகையைக் கொண்டாடும் ஒருவரிடம் பிள்ளையை உட்காரவையுங்கள். ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பக்கத்துத் தெருவே போதும்; மற்றதற்கு வெளிநாட்டில் வேலை பார்க்கும் சித்தப்பாவோ அத்தையோ போனில் கிடைப்பார்கள். பண்டிகையன்று போகாதீர்கள், அடுப்படியை விட்டு நகர அவர்களுக்கு நேரமிருக்காது, மறுநாள் போங்கள். கேள்விகளைப் பிள்ளையே கேட்கட்டும், அவற்றில் ஒன்று கட்டாயம் இதுவாக இருக்கட்டும்: "நீங்க சின்ன வயசுல எப்படிக் கொண்டாடினீங்க?"