எட்டு வந்த காரும் ராமானுஜன் விட்ட எண்ணும்

நம்பிக்கை: கூட்டு எண் 8 வரும் கார் ஆகாது.

பெட்டாலிங் ஜெயா பழைய டவுன் ஒட்டுக்கடையில் தே தாரேக் வருவதற்குள், புதுக் காருக்குக் கிடைத்த 2546ஐ ஓர் அண்ணன் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். 17, அதிலிருந்து 8. "சனி எண்ணுப்பா, மாத்தணும்" என்றார். அதே மேசையில் இருந்த சீன நண்பருக்கோ எட்டென்றால் செல்வம். அவர் அஞ்சுவது நான்குக்கு. இங்கே பல அடுக்குமாடி லிஃப்டுகளில் மூன்றுக்கு மேல் '3ஏ' இருப்பது அதனால்தான். சனி பகவான் ஆள் பார்த்துத்தான் பிடிப்பார் போலும்.

உண்மை: கூட்டு எண் என்பது 9ஆல் வகுத்தால் வரும் மீதி. மீதியே இல்லையென்றால் 9. ஆயிரம் என்பது 999ம் ஒன்றும். நூறு 99ம் ஒன்றும். பத்து 9ம் ஒன்றும். இந்த ஒன்பதுகளைத் தள்ளிவிட்டால் கையில் நிற்பவை இலக்கங்கள் மட்டுமே. 2546ஐ 9ஆல் வகுத்தால் ஈவு 282, மீதி 8. அவ்வளவுதான் சங்கதி. நம் ஊர்க் கார் எண்கள் 1 முதல் 9999 வரை ஓடுகின்றன. அவற்றில் கூட்டு எண் 8 வருபவை 1,111. ராசியானது என்று நாம் தேடும் ஒன்பதுக்கும் அதே 1,111தான். காலை நெரிசலில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் நிற்கும் கார்களில் ஏறக்குறைய ஒன்பதில் ஒன்று 'சனி கார்'.

நம்பிக்கை: எண் பெரிதானால் காரணிகளும் பெருகும்.

உண்மை: தனக்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்களை 1915இல் கணித மேதை ராமானுஜன் ஆராய்ந்து பட்டியலிட்டார். 12க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே எதற்கும் ஆறு கிடையாது. பட்டியலின் கடைசி எண் 6,746,328,388,800. காரணிகள் 10,080. அத்தனை ரிங்கிட்டை 7 பேருக்கோ 19 பேருக்கோ 23 பேருக்கோ மிச்சமில்லாமல் பங்கிடலாம். ஒரே ஒரு ரிங்கிட்டைச் சேர்த்து எண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள்: 2 முதல் 23 வரை எத்தனை பேருக்குப் பிரித்தாலும் அந்த ஒரு ரிங்கிட் மிஞ்சும்.

நம்பிக்கை: குலதெய்வம் நாமகிரித் தாயார் சொல்ல ராமானுஜன் எழுதினார், அவர் கணக்குத் தப்பாது.

உண்மை: தாயாரை அவர் நம்பியது நிஜம். ஆனால் பட்டியலில் இருந்த எண்கள் 102, விட்டுப்போனது ஒன்று: 293,318,625,600. காரணிகள் 5,040. இதில் வேடிக்கை, இதை 23ஆல் பெருக்கினால் வருவதே அந்தக் கடைசி எண். கையால் போட்ட கணக்கு. எனக்கு இந்த ஒரு பிழையால் அவர் மீது மதிப்பு கூடியதே ஒழியக் குறையவில்லை.

கடைசி எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 63, அதாவது 9. விட்டுப்போனதைக் கூட்டினால் 45, அதுவும் 9. இரண்டும் 'ராசி' எண்கள்தாம். ஒன்று பட்டியலில் ஏறியது, மற்றது ஏறவில்லை. வேறு எண் வாங்க ஏலத்துக்குப் புறப்பட்டுவிட்ட அண்ணன், அதற்குக் கட்டும் ரிங்கிட்டில் நாலு நல்ல டயர் வாங்கிப் போடட்டும்.