குகையில் துயிலும் குழவி

எழுத்தறியாக் காலத்து மக்களின் மனவியல்பை எடுத்துரைக்கும் நூல் யாதுமில்லை. ஆயினும், அவர்கள் இறந்தோரை அடக்கஞ்செய்த முறையை நுணுகி நோக்கின், அவர்தம் உள்ளம் ஒருவாறு புலனாகும். இதற்குத் தக்க உதாரணம் ஆப்பிரிக்காக் கண்டத்துக் கென்யா நாட்டிலே கிடைத்துள்ளது.

அந்நாட்டுக் கடற்கரைக்கு அணித்தாய்ப் பங்கா யா சைதி என்னுங் குகை ஒன்றுண்டு. அதன் தரைக்குச் சுமார் 3 மீட்டர் ஆழத்தில், சிறு குழியொன்றில் எலும்புகள் இருத்தலை ஆராய்ச்சியாளர் கண்டனர். தொட்டால் பொடியாகும் நிலையில் அவை இருந்தமையால், சுற்றியிருந்த மண்ணோடு பிளாஸ்டர் கட்டிப் பெயர்த்து, முதலில் நைரோபிப் பொருட்காட்சிசாலைக்கும், பின்னர் ஸ்பெயின் தேசத்து ஆராய்ச்சிச்சாலைக்கும் கொண்டுசென்றனர். 2021-ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. அவ்வெலும்புகள் ஏறக்குறைய 78,000 ஆண்டுகளுக்கு முன் இறந்த, மூன்று வயதும் நிரம்பாத குழந்தை ஒன்றினுடையவை. அதற்கு 'ம்டோட்டோ' எனப் பெயரிட்டனர். சுவாஹிலி மொழியில் அதன் பொருள் குழந்தை என்பதே.

உடல் தானே மண்மூடிக் கிடந்திருத்தல் கூடாதோ எனின், கூடாதென்பதற்குச் சான்றுகள் உள. குழியை நிரப்பிய மண் சுற்றியுள்ள மண்ணின் வேறாயிருத்தலால், அது வேண்டுமென்றே தோண்டி மூடப்பட்டதென்பது தெளிவு. குழந்தை முழங்கால்களை மார்புற மடக்கி, வலப்பக்கமாக ஒருக்களித்துக் கிடந்தது. எலும்புகள் பெரும்பாலும் நிலைபெயரவில்லை. ஆகவே, தசை அழியுமுன்னரே மண்ணிட்டு மூடினர். மேலும், தோளெலும்பும் மேல்விலாவெலும்புகளும் திரும்பியிருந்த விதம், மேலுடல் ஏதோவொன்றால் இறுகச் சுற்றப்பட்டிருந்ததைக் காட்டும். தலை சாய்ந்து இறங்கியிருந்தமையால், அதன்கீழ் வைத்த அணையொன்று காலப்போக்கில் மக்கிப்போயிற்று என்பர். சுற்றிய போர்வையும் அணையும் அழிந்தன. அவற்றின் அடையாளத்தை எலும்புகள் காத்தன.

மேற்காசியாவிலுள்ள ஸ்கூல், கஃப்ஸே என்னுங் குகைகளில் இதனினும் பழைய அடக்கங்கள் உள. ஆயினும், நம் மனிதவினத்தார் ஆப்பிரிக்காவிற் செய்தனவாக இதுவரை அறியப்பட்டவற்றுள் இதுவே தொன்மையானது.

இவ்வொன்றைக் கொண்டு, அம்மக்கள் மறுமையை நம்பினர் என்றேனும், இன்ன தெய்வத்தை வணங்கினர் என்றேனும் சாதித்தல் தகாது. எலும்பு சொல்லாததை நாம் சொல்லலாகாது. எனினும் ஒன்று துணியலாம். தலையணை உறங்குவோர்க்கே உதவுவது. இறந்த உடற்கு அதனாற் பயனில்லை. வேட்டைக்கும் உழைப்புக்கும் இன்னும் உதவாத இளங்குழவிக்கு, யாரோ குழி தோண்டி, உடலைப் பொதிந்து, தலைக்கு அணையும் வைத்தனர். பயன் கருதாத அச்செயலைக் காணும் மாணவர், பூர்வீக மனிதரை விலங்கனையர் என இகழுமுன் சற்றே சிந்திப்பாராக.