பேச்சுக்கும் ஒரு பேரேடு வேண்டும்

கடை வருமானத்தில் மிச்சம் பிடித்ததைத் தங்கம், நிலம் என்று மட்டும் போடாமல் பங்குகளிலும் போடும் பழக்கம் நம் வணிகர்களிடையே பெருகி வருகிறது. அதையொட்டி, கடை சாத்திய பிறகு நாலு பேர் கூடி ஷேர் மார்க்கெட் பற்றிப் பேசுவதும் வழக்கமாகிவிட்டது. இது நல்லதே. ஆனால் கூட்டம் பெருகும்போது பேச்சுக்கும் ஒழுங்கு வேண்டும். இல்லையேல் 4 பேர் கூடியபோது கிடைத்த நன்மை, 40 பேர் கூடும்போது நஷ்டமாக முடியும்.

எங்கள் அனுபவத்தையே சொல்கிறோம். ஆரம்பத்தில் நாங்கள் 6 பேர்தான். எவரிடம் என்ன பங்கு இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டே ஆண்டுகளில் 40 பேரைத் தாண்டினோம். ஒருநாள் மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரு சிறிய கம்பெனியின் பங்கை வெகுவாகப் புகழ்ந்தார். புதிதாகச் சேர்ந்திருந்த மளிகைக்கடைத் தம்பி ஒருவர், பெரியவர் வாக்கை நம்பி, தீபாவளிச் சரக்குக்கு வைத்திருந்த பணத்தை அதில் போட்டுவிட்டார். சில வாரங்களில் விலை சரிந்தது. புகழ்ந்தவர் தம்மிடம் அந்தப் பங்கு இருந்ததையும் சொல்லவில்லை, விற்றுவிட்டதையும் சொல்லவில்லை. தீபாவளி நேரத்தில் தம்பியின் கடையில் பாதி அலமாரி காலி. நாங்கள் சிலர் கடனுக்குச் சரக்கு கொடுத்துத்தான் சமாளிக்க முடிந்தது. பேச்சுக்கு விதி வகுக்காத எங்கள் எல்லோருக்கும் அந்தத் தவறில் பங்கு உண்டு.

அமெரிக்காவில் இத்தகைய கூட்டங்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. டெட்ராய்ட் நகரில் 1940-ல் நண்பர்கள் சேர்ந்து முதலீட்டுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1951-ல் இதுபோன்ற சங்கங்களுக்கென ஒரு தேசிய அமைப்பே உருவானது. மாதந்தோறும் சிறு தொகை போடுவது, ஒருவர் ஒரு கம்பெனியின் கணக்கைப் படித்து வந்து எல்லோர் முன்னும் வைப்பது, கேள்வி கேட்டு விவாதித்து முடிவெடுப்பது என்பதே அவர்கள் முறை.

இல்லினாய் மாநிலத்தில் பியர்ட்ஸ்டவுன் என்ற சிற்றூரில், பெரும்பாலும் வயதான பெண்மணிகள் நடத்திய சங்கம் இவ்வாறு பெரும்புகழ் பெற்றது. பத்தாண்டுகளில் ஆண்டுக்குச் சராசரி 23.4 சதவீத லாபம் கண்டதாக அவர்களுடைய புத்தகம் கூறியது. 1998-ல் வெளித் தணிக்கையாளர் கணக்கைச் சரிபார்த்தபோது உண்மை லாபம் 9.1 சதவீதம்தான் என்று தெரிந்தது. உறுப்பினர்கள் போட்ட மாதச் சந்தாவும் லாபத்தோடு சேர்ந்துவிட்டதே காரணம். அவர்களுடைய பேச்சு ஒழுங்காக நடந்தது. கணக்கைத்தான் வெளியார் ஒருவர் பார்க்காமல் விட்டார்கள்.

இதை நம் கணக்கில் பார்ப்போம். 10 பேர் ஆளுக்கு ரூ.10,000 போட்டுத் தொடங்குகிறார்கள். முதல் 1 லட்சம். பிறகு ஆளுக்கு மாதம் ரூ.1,000 வீதம் ஆண்டில் 1,20,000 போடுகிறார்கள். ஆண்டு முடிவில் பங்குகளின் மதிப்பு 2,30,000. "ஒரு லட்சம் இரண்டே கால் லட்சத்துக்கு மேல் ஆகிவிட்டது" என்று பேச்சு எழும். ஆனால் லாபம் வெறும் ரூ.10,000. பணம் இருந்த மாதங்களைக் கணக்கிட்டால் சுமார் 6 சதவீதம். வீட்டுப் பணத்தைக் கல்லாவில் போட்டுவிட்டு, வியாபாரம் பெருகியது என்று எந்தக் கடைக்காரராவது எழுதுவாரா?

நாங்கள் பின்பற்றும் விதிகள் இவை:

1. ஒரு கூட்டத்துக்கு ஒரு பொருள். புதியவர்களுக்கான பாடம் ஒரு நாள், கம்பெனிக் கணக்கு ஒரு நாள், சொந்த அனுபவம் ஒரு நாள்.

2. ஒரு பங்கைப் பற்றிப் பேசுகிறவர், அது தம்மிடம் உண்டா, விற்றுவிட்டாரா என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

3. வாங்கச் சொல்லும் காரணத்தோடு, எது நடந்தால் அந்தக் காரணம் பொய்யாகும் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டும் தேதியுடன் குறிப்பேட்டில் ஏற வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே பக்கத்தைத் திறந்து படிக்க வேண்டும்.

4. பொதுப் பணம் திரட்டுவதில்லை. அவரவர் டிமேட் கணக்கு, அவரவர் முடிவு. கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல 'செபி' பதிவு தேவை. அது இல்லாதவர் அந்த வேலையைச் செய்யக்கூடாது.

5. லாபம் சொல்கிறவர் போட்ட பணத்தைக் கழித்துச் சொல்ல வேண்டும். கணக்கு தெரிந்த மற்றொருவர் அதைச் சரிபார்க்க வேண்டும்.

6. சரக்குக் கொள்முதல் பணம், வாடகைப் பணம், கடன் தவணை ஆகியவை பங்குக்குப் போகக்கூடாது. புதிதாக வருபவரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறோம்.

இந்த விதிகளுக்குப் பின் சிலர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மீதம் இருப்பவர்கள் குறைவாகப் பேசுகிறார்கள். ஆனால் படித்துவிட்டுப் பேசுகிறார்கள். நஷ்டப்பட்ட அந்தத் தம்பிதான் இன்று எங்கள் குறிப்பேட்டை எழுதுகிறார்.

வணிக அன்பர்களே! நாள்வழியில் ஏறாத வரவை நாம் வரவென்று ஒப்புக்கொள்வதில்லை. குறிப்பேட்டில் ஏறாத யோசனையையும் யோசனையென்று ஒப்புக்கொள்ள வேண்டாம்.